அண்ணாச்சி கடையில் எழும்பிய சுவர்

கோணம்பட்டிக் கொத்தனார் கோஷ்டியில் மூன்று பேர்: மேஸ்திரி கொம்பையா, சித்தாள் பேச்சி, கையாள் இருளப்பன். மூவருக்கும் கைவேலை சுத்தம். மூளையைப் பற்றி ஊரில் யாரும் குறை சொன்னதில்லை. அதை அவர்கள் வெளியே எடுத்ததே இல்லை.

ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் ரூமில் வாசல் பக்கச் சுவர் மட்டும் பாக்கி. அதைக் கட்டும் வேலை அவர்களுக்குக் கிடைத்தது. என்ஜினீயர் அம்மா தமயந்தி கண்டிப்பானவர்.

"நாளைக்குக் காலையில தோல் கையுறை இல்லாம ஒருத்தரும் வேலைக்கு வரக்கூடாது. வந்தா, வேலை கீழத்தெரு கோஷ்டிக்குப் போயிரும். கண்ட உறையை வாங்காதீங்க. நல்லா உழைக்குமான்னு பாத்து வாங்குங்க" என்றார்.

மூவரும் கூடி யோசித்தார்கள்.

"உழைக்குமான்னு எப்படிப் பாக்குறது?" என்றாள் பேச்சி.

"உழைச்சுத்தான் பாக்கணும்" என்றார் கொம்பையா.

ஆகவே மோட்டார் ரூமுக்கு வந்திறங்கிய செங்கல், மணல், சிமெண்டு எல்லாவற்றையும் டிராக்டரில் திரும்ப ஏற்றிக்கொண்டு தவசி அண்ணாச்சியின் ஹார்டுவேர் கடைக்குப் போனார்கள்.

அண்ணாச்சி முதலில் ஆட்டுத்தோல் உறையைக் காட்டினார். மெத்தென்று இருந்தது. இருளப்பன் அதைப் போட்டு ஒரு செங்கலை நாலு தரம் உரசினான். கட்டைவிரல் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. அடுத்து எருமைத்தோல். அதைப் போட்டதும் பேச்சியின் விரல்கள் விறைத்து நின்றன. சாந்துச்சட்டி பிடிக்க முடியாமல், போகிற வருகிறவர்களுக்கு ஆசீர்வாதம் செய்வது போல நின்றாள். மூன்றாவது, உள்ளங்கையில் இரட்டைத் தோல் வைத்து, தடித்த நூலில் தைத்தது. மூவருக்கும் கைக்குக் கச்சிதம்.

"எடுத்துட்டுப் போய் ஒரு சுவர் கட்டிப் பாத்துட்டு வாரோம் அண்ணாச்சி" என்றார் கொம்பையா.

"சரக்கு கடையை விட்டு வெளிய போகக்கூடாது" என்றார் அண்ணாச்சி. "என்ன பாக்கணுமோ உள்ளயே நின்னு பாத்துக்கிடுங்க." சொல்லிவிட்டு, ஆணி மூட்டை எடுக்கப் பின்னாலிருந்த அறைக்குள் போய்விட்டார்.

உள்ளே எங்கு பார்த்தாலும் பைப்பும் பெயிண்டு டப்பாவும். காலியிடம் என்றால் வாசல் ஒன்றுதான். செங்கலை உள்ளே இறக்கி, உள்ளே நின்றபடியே கட்டத் தொடங்கினார்கள். தூக்குக்குண்டு விட்டு, நூல் பிடித்து, வரிவரியாகச் சுவர் ஏறியது. உறையில் ஒரு தையல் பிரியவில்லை. அந்த உற்சாகத்தில் தலைக்கு மேல் ஒரு முழம் விட்டு மொத்த வாசலையும் அடைத்துவிட்டார்கள்.

அண்ணாச்சி வெளியே வந்தார். கடை ஏன் இருட்டாக இருக்கிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அட கூறுகெட்டவங்களா! என் வாசல் எங்கடா?"

"சுவருக்குப் பின்னால பத்திரமா இருக்கு அண்ணாச்சி" என்றார் கொம்பையா.

"இடிங்கடா!"

"ஈரச் சுவரை இடிச்சா அதுக்கு வலிக்காதா?" என்றாள் பேச்சி.

"ஒரு வாரம் தண்ணி விட்டாத்தான் சுவர் இறுகும்" என்றான் இருளப்பன். "கடையில வாளி இருக்கா அண்ணாச்சி? நல்லா உழைக்குற வாளியா குடுங்க."

அண்ணாச்சி தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

இதற்குள் செங்கலைக் காணாமல் தேடிக்கொண்டு என்ஜினீயர் அம்மா அங்கே வந்தார். கடைவாசலில் சுவர் நின்றது. மேலே இருந்த இடைவெளியில் உறை போட்ட ஆறு கைகள் அவருக்கு வணக்கம் சொல்லின. அம்மா ஒரு மூச்சு கத்தித் தீர்த்தார். பிறகு சுவரைத் தட்டிப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். ஓர் இழை கோணல் இல்லை.

"சுவர் என்னமோ நல்லாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டார். "கையுறையும் வாங்கிட்டீங்க. வேலை உங்களுக்குத்தான். முதல்ல இதை இடிச்சுட்டு வெளிய வாங்க. நாளைக்கு மோட்டார் ரூம்ல அப்படியே இதே மாதிரி கட்டுங்க. எதுவும் மாறக்கூடாது."

மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. சுவரை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு வந்தார்கள். போனால் போதும் என்று அண்ணாச்சி உறைகளை இனாமாகவே கொடுத்தார்.

மறுநாள் மதியம் அம்மா வந்து பார்த்தபோது, மோட்டார் ரூமின் வாசல் தலைக்கு மேல் ஒரு முழம் விட்டு அடைபட்டிருந்தது. உள்ளேயிருந்து அண்ணாச்சி உயிர் போகிற மாதிரி கத்திக்கொண்டிருந்தார்.

அம்மா குதிகாலை உயர்த்தி இடைவெளியை எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் அப்படியே இருக்கும்மா" என்றது கொம்பையாவின் குரல். "அண்ணாச்சிதான் வர மாட்டேன்னாரு. தூக்கிட்டு வந்துட்டோம்."

ஆறு கையுறைகள் இடைவெளியில் எழுந்து வணக்கம் சொல்லின.

"என்னம்மா சும்மா நிக்கீங்க?" என்றாள் பேச்சி. "நேத்து நாங்க வணக்கம் சொன்ன கையோட நீங்க கத்துனீங்க. ஆரம்பிங்க, காத்துக்கிட்டிருக்கோம்."