ஆளில்லாத கோல்

"சாமி, நாலு வருஷம். நூற்றி மூண்டு மாட்ச். ஒரு கோல் இல்லை. நான் என்னத்தைக் கிழிச்சனான்?"

உடுப்பு மாத்திற அறையில வாகீசன் இப்பிடித்தான் தொடங்கினான். கல்லூரி ஐஸ் ஹாக்கி டீமில அவன் டிஃபென்ஸ், கோலுக்கு முன்னால நிண்டு தடுக்கிறவன். அண்டைக்குக் கடைசி மாட்ச். அதோட அவன்ர ஹாக்கியும் முடிஞ்சுது.

சாமி எண்டது கோல்கீப்பர் அபிராமனை. வாகீசனை விட ஒரு வயசு இளசு. மாட்சுக்கு முன்னால தலை துடைக்கிற துவாயை முக்காடாப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் வாய் திறவாமல் இருப்பான். டீமில தமிழ்ப் பொடியள் இவை ரெண்டு பேர்தான். சாமி எண்டு பேர் வச்சது வாகீசன். பகிடிக்கு வச்சவன், பேந்து மனசு சரியில்லையெண்டா அந்தத் துவாயிட்டத்தான் ஓடுவான்.

துவாய் அசையேல்லை.

"மூண்டு பல்லுப் போச்சு. தோள் எலும்பு ரெண்டு தரம். அவங்கள் அடிக்கிற ரப்பர் வட்டுக்கு முன்னால போய் விழுறதுதான் என்ர தொழில். அம்மா சொல்லுறா, விழுந்து படுக்கிறதெண்டா வீட்டில கட்டில் கிடக்குதாம்."

வாகீசன் ஸ்கேட்டை இறுக்கிக் கட்டினான்.

"கலியாண வீட்டில ஆரும் 'மகன் எத்தினை கோல் அடிச்சவர்?' எண்டு கேட்டா, அப்பா பாயாசம் நல்லாயிருக்கு எண்டுறார்."

துவாய் கொஞ்சம் குலுங்கினது.

"திரும்பு," எண்டான் சாமி.

வாகீசன் திரும்பினான்.

சாமி துவாயை விலத்தி, அவன்ர முதுகை வடிவாப் பாத்தான்.

"அட, நீயோ! கோலுக்க நிண்டு உன்ர முதுகைத்தானே கண்டனான். முன்னால பாக்க ஆரோ எண்டு நினைச்சன்."

"உனக்கு விசர்," எண்டுபோட்டு வாகீசன் ஹெல்மெட்டைக் கொழுவினான்.

கடைசி நிமிசம். ரெண்டுக்கு ஒண்டு எண்டு இவை முன்னுக்கு.

மற்ற டீம் தங்கட கோல்கீப்பரை வெளியில எடுத்துப்போட்டு, அடிக்கிறதுக்கு ஒரு ஆளைக் கூட்டி இறக்கினது. அந்தப் பக்கத் தொங்கலில அவங்கட கோல் ஆளில்லாமல் வாயைப் பிளந்துகொண்டு நிக்குது.

வட்டு வந்து வாகீசன்ர மட்டையில நிண்டது.

"அடியடா!"

ஓரத்தில வாங்குப் பலகையில இருந்த பொடியள் எல்லாரும் கத்தினாங்கள். மேல, பாக்க வந்த சனத்துக்க வாகீசன்ர அப்பா எழும்பிட்டார்.

அடிச்சான்.

வட்டு ஐஸ் முழுக்க வழுக்கிக்கொண்டு போனது. கம்பத்துக்கு ஒரு சாண் வெளியில.

விசில்.

இந்த விளையாட்டில அதுக்கொரு தண்டனை இருக்கு. தன்ர பக்கத்திலயிருந்து அடிச்சுத் தவறினா, வட்டு திரும்ப அவன்ர வாசலுக்கே வரும். களைச்சிட்டம் எண்டு ஆள் மாறவும் ஏலாது. நிண்ட அஞ்சு பேரும்தான் நிண்டு பிடிக்கவேணும்.

"மன்னிச்சுக்கொள்ளடா, சாமி."

"வடிவான அடி," எண்டான் சாமி. "இப்ப கொஞ்சம் தள்ளி நில். அடிக்கப்போறவன் இடக்கையன்."

பதினாறு செக்கன் மிச்சம்.

இடக்கையன் மட்டையை ஓங்கினான். வாகீசன் விழுந்தான். வட்டு விலாவில பட்டு, அவனுக்கு முன்னாலயே பொத்தெண்டு விழுந்தது.

எழும்பினான்.

மட்டையில வட்டு. முன்னால வெறும் ஐஸ். தூரத்தில அந்தக் கோல் இன்னும் வாயை மூடேல்லை.

ஆறு செக்கன்.

வாகீசன் வட்டை மூலைக்குக் கொண்டுபோனான். பலகையோட சேத்து அமத்திக்கொண்டு நிண்டான். ரெண்டு பேர் வந்து இடிச்சாங்கள். மூண்டாமவன் மட்டையால நோண்டினான். வட்டு அசையேல்லை.

மாட்ச் முடிஞ்ச ஹோர்ண் அடிச்சுது.

பொடியள் வந்து மேல குவிஞ்சாங்கள். எல்லாரும் விலத்தினாப் பிறகு சாமி முகமூடியைத் தூக்கினான். இத்தினை வருஷத்தில முதல் தரமா அவன் ஒரு கேள்வி கேட்டான்.

"கோல் திறந்து கிடந்தது. ஏன் அடிக்கேல்லை?"

வாகீசன் குனிஞ்சு மூச்சு வாங்கினான். நிமிந்தான்.

"எங்க மச்சான் நேரம்? வேலையா எல்லோ நிண்டனான்."