போதும் என்று சொல்லத் தெரியாத கூழைக்கடா

அந்தக் காலத்தில் பறவைகள் எல்லாம் பேசும். பேசாத நேரத்தில் சாப்பிடும். ஆலந்தாங்கல் ஏரியின் நடுவே நின்ற கடம்ப மரத்தில் இந்த இரண்டைத் தவிர வேறு வேலையே நடந்ததில்லை.

அப்போது கூழைக்கடாவுக்குத் தாடையில் பை கிடையாது. ஒடிசலான, நீண்ட அலகு மட்டும்தான். வடக்கே குளிர் தாங்க முடியாமல், புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரு கூழைக்கடா ஜோடி அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தது. அவளுக்கு முட்டையிடும் வேளை நெருங்கிவிட்டது. கூடு கட்ட உடனே ஒரு கிளை வேண்டும். கிடைக்காவிட்டால் முட்டையைத் தண்ணீரில்தான் இட வேண்டும்.

கிளை அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடாது. புதிதாக வருகிறவர்கள் மரத்தாரோடு உட்கார்ந்து ஒரு வேளை சாப்பிட வேண்டும். எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் மரம் முடிவு சொல்லும். விருந்து வைப்பவள் வடிவாம்பாள். அவள் கரண்டிவாயன் சாதிப் பறவை. அலகே கரண்டி என்பதால், பரிமாறுகிற வேலையை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை.

புருஷனுக்குக் கூச்சம். "எனக்கு வயிறு சரியில்லைன்னு சொல்லிடு," என்று தண்ணீரிலேயே ஒதுங்கிக்கொண்டான். "ஆனா ஒண்ணு. இலையில ஒரு துண்டு மிச்சம் வெச்சாலும் சமைச்சவங்களை அவமானப்படுத்தின மாதிரி. நம்ம ஊர் மானத்தைக் காப்பாத்து."

அவர்கள் ஊரில் வழக்கம் அப்படி. கடம்ப மரத்து வழக்கமோ வேறு. விருந்தாளியின் இலை காலியாகக் கிடந்தால் அது வீட்டுக்காரிக்கு அவமானம். இந்த இரண்டு வழக்கமும் ஒரே தாமரை இலையில் சந்தித்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை.

வடிவாம்பாள் அயிரை மீன் குழம்பை ஊற்றினாள். கூழைக்கடா ஒன்று விடாமல் தின்று முடித்தாள். காலி இலையைப் பார்த்ததும் வடிவாம்பாள் பதறிப்போய் இன்னும் இரண்டு கரண்டி போட்டாள். அதையும் தின்றாள். மறுபடியும் விழுந்தது.

"போதும் அக்கா."

"என்ன போதும்? சிட்டுக்குருவிகூட இதைவிட அதிகமாத் தின்னும். வெக்கப்படாம சாப்பிடு."

"நிஜமாவே போதும் அக்கா."

"நிஜமாப் போதும்னா யாராவது போதும்னு சொல்லுவாங்களா?" என்று வடிவாம்பாள் கெண்டை வறுவலைக் கொண்டுவந்தாள்.

கூழைக்கடாவுக்குக் கழுத்துவரை வந்துவிட்டது. மிச்சம் வைத்தால் மானம் போய்விடும், விழுங்கினால் உயிர் போய்விடும். அப்போதுதான் அந்தக் காரியத்தைச் செய்தாள். மீனை விழுங்காமல் அலகுக்கு அடியிலேயே ஒதுக்கிக்கொண்டாள். இலை காலியானது. வடிவாம்பாள் விரால் துண்டுகளைப் போட்டாள். அதுவும் உள்ளே ஒதுங்கியது. தாடைத் தோல் இளகித் தொங்க ஆரம்பித்தது.

இப்போது வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். இந்த ஊரில் அப்படித் தலையாட்டினால் 'ஆகட்டும், போடுங்க' என்று அர்த்தம். போட்டார்கள்.

கடைசியில் வடிவாம்பாள் அலகைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "சாப்பாடு எப்படி இருந்துச்சுன்னு உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு தங்கச்சி."

மரமே அவள் முகத்தைப் பார்த்தது. அவள் அலகை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

"திமிரைப் பாத்தீங்களா?" என்றது மேல் கிளையிலிருந்த சாம்பல் நாரை. "இவளுக்கெல்லாம் கிளை ஒரு கேடா?"

கிளை போய்விடும் என்றதும் அவளுக்குப் பகீரென்றது. "அருமை அக்கா!" என்று வாயைத் திறந்துவிட்டாள். கெண்டை, விரால், இரண்டும் மொத்தமாக இலையில் வந்து விழுந்தன.

கூழைக்கடா கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் முடிந்தது, முட்டை தண்ணீரில்தான் என்று நினைத்து அழுதேவிட்டாள்.

வடிவாம்பாள் இலையைப் பார்த்தாள். கீழே தண்ணீரில் தனியாக நின்ற புருஷனைப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியது.

"அடிப் பாவி! வயித்துவலியோட கிடக்கிற புருஷனுக்காகவா வாயிலேயே பத்திரப்படுத்தி வெச்சிருந்தே? கேட்டிருந்தா நான் கட்டிக் கொடுத்திருக்க மாட்டேனா?"

மரம் முழுக்க உருகிப்போனது. சாம்பல் நாரைகூட மூக்கை உறிஞ்சியது. கூழைக்கடாவுக்கு உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் இத்தனை தூரம் பறந்து வந்த பிறகு, முதல்முறையாக ஒருவர் அவளைப் பற்றி நல்லபடியாக நினைத்திருக்கிறார். அதைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள், இந்த ஊர் முறைப்படி.

மரத்திலேயே நல்ல கிளையைக் கொடுத்தார்கள். கூடவே, தொங்கிய தாடை நிறைய மீனையும் திணித்து அனுப்பினார்கள். விசேஷத்துக்கு விசேஷம் இதுவே வாடிக்கையானது. தோல் பழையபடி சுருங்க யாரும் விடவில்லை. குஞ்சுகள் பொரிந்ததும் அவை தாயின் பைக்குள்ளேயே தலையை விட்டுச் சாப்பிடப் பழகின.

சில காலம் கழித்து, எங்கோ உப்பங்கழியிலிருந்து ஒரு பூநாரை வந்தது. மெல்லிய உடம்பு, கூச்ச சுபாவம். பந்தியில் உட்கார்ந்து, இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதுங்க," என்றது.

வடிவாம்பாள் வாயைத் திறப்பதற்குள் கூழைக்கடா பாய்ந்து வந்து அதன் இலையை நிரப்பினாள்.

"என்ன போதும்? ஒண்ணுமே சாப்பிடலையே நீ!"

அன்று முதல்தான் கூழைக்கடா இந்த ஊர்க்காரி ஆனாள். பூநாரை தலையைக் கவிழ்த்துக்கொண்டே சாப்பிடுவதும் அன்று முதல்தான். நிமிர்ந்து பார்த்தால் இன்னொரு கரண்டி விழுந்துவிடுமே.