பழைய கார்டும் புதிய கார்டும் நாலு பன்னிரண்டும்

ஆட்டுக்கல்பட்டிக்காரர்களுக்கு அறிவு இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நிறையவே இருக்கிறது. தேய்ந்துவிடுமே என்று யாரும் எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் மயில்வாகனம் கல்யாண வீடியோ கடை வைத்திருந்தான். படம் எடுப்பது அவன். விளக்குப் பிடிப்பது மச்சினன் சுடலைக்கண்ணு. எடுத்ததையெல்லாம் கம்ப்யூட்டரில் கோத்து ஒரே படமாக்குவது மயில்வாகனத்தின் மனைவி செங்கமலம். இடுப்பில் ஒன்பது மாதப் பிள்ளை, கையில் மவுஸ், அடுப்பில் பருப்பு என்று மூன்றையும் சேர்த்தே கவனிப்பாள். மூன்றில் ஒன்று தினமும் பொங்கும்.

அவளுக்கு இப்போது ஒரு நெருக்கடி. தங்கை கனகவல்லியின் கல்யாணம் தை மாதம் நடந்தது. கனகவல்லிக்கு ஏழாம் மாதமே வந்துவிட்டது, கல்யாண வீடியோ இன்னும் வரவில்லை. தங்கையின் மாமியார் சீனியம்மாள் சந்தையில் நாலு பேர் முன்னால் வைத்துச் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வளைகாப்பு. அதுக்குள்ள கல்யாணத்தை நான் கண்ணால பார்த்துடணும். பார்த்துட்டா முதல் வளையல் உன் கையால. இல்லேன்னா பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டுட்டு நடையைக் கட்டு."

கூடப்பிறந்த அக்கா முதல் வளையல் போடாமல் திரும்பி வந்தால் ஊரில் தலைகாட்ட முடியுமா? செங்கமலத்துக்கு இட்லி கூட இறங்கவில்லை. நாலோடு எழுந்துவிட்டாள்.

குற்றமெல்லாம் கம்ப்யூட்டருக்குள் இருந்த கிராபிக்ஸ் கார்டு மேல்தான் என்று மூவரும் முடிவு செய்தார்கள். படத்து வேலையெல்லாம் பார்ப்பது அந்தப் பலகைதான். அதற்கு வயது ஒன்பது. வேலை கொடுத்தால் உரலில் கல் அகப்பட்ட மாதிரி சத்தம் போடும். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் போய்க் கேட்டதில், கடைக்காரர் நல்ல மனிதர், புதுக் கார்டு ஒன்றை நம்பிக் கொடுத்து அனுப்பினார்.

"ஒரே வீடியோவை ரெண்டுலயும் ஓட்டிப் பாருங்க. எது நல்லா செய்யுதோ அதை வச்சுக்குங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கட்டும். கார்டைத் தவிர வேற எதையும் மாத்தக் கூடாது. மாத்தினா ஒப்பிட்டதே வீணாப் போயிடும்."

மூவரும் இதை மனப்பாடம் செய்துகொண்டே பஸ்ஸில் வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பழைய கார்டில் கனகவல்லி கல்யாணத்தை ஒரே படமாக்க ஓட்டினார்கள். திரையில், எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகர்ந்தது. பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று சதவீதம் ஏறியது. அன்றைக்கு நடந்ததையெல்லாம் செங்கமலம் பால் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டாள். சுடலைக்கண்ணு கட்டியிருந்தது பச்சை லுங்கி. காலையில் உப்புமா. ஒன்பதேகாலுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சி உறைமோர் கேட்டு வந்தாள். பத்து ஐந்துக்குக் கரண்டு போய்ப் பதினொன்று ஆறுக்கு வந்தது. கோடு மறுபடி முதலிலிருந்து கிளம்பியது. பதினொன்றரைக்குப் பிள்ளை சுடலைக்கண்ணு மடியில் மூத்திரம் போனான். சாயங்காலம் நாலு பன்னிரண்டுக்கு வீடியோ முடிந்தது.

கல்யாணம் கையில் வந்துவிட்டது. செங்கமலம் துள்ளிக்கொண்டு எழுந்தாள். மயில்வாகனம்தான் மோவாயைத் தடவினான்.

"பழசு ஓடுனப்ப கம்ப்யூட்டர்ல முடிஞ்ச வீடியோ கிடையாது. இப்ப இருக்கு. இது மாத்தம் இல்லையா?"

அது மாற்றம்தான். நாலு பதின்மூன்றுக்கு வீடியோவை அழித்தார்கள்.

மறுநாள் புதிய கார்டை மாட்டியதும் சுடலைக்கண்ணு ஒரு பெரிய சந்தேகத்தைக் கிளப்பினான். "அத்தான், நேத்து திங்கள். இன்னிக்குச் செவ்வாயில்ல?"

அடுத்த திங்கள்வரை காத்திருந்தால் வளைகாப்பு போய்விடும். செங்கமலம் யோசிக்கவே இல்லை. குப்பைக்கூடையிலிருந்து திங்கட்கிழமைத் தாளை எடுத்து, சோற்றுப் பருக்கை வைத்து நாட்காட்டியில் ஒட்டினாள். ஆண்கள் இருவரும் நிம்மதியாக மூச்சுவிட்டார்கள்.

துவைத்துப் போட்ட பச்சை லுங்கி ஈரமாக இருந்தது, சுடலைக்கண்ணு கட்டிக்கொண்டான். உப்புமா கிண்டினாள். ஒன்பதேகாலுக்குப் பேச்சியைக் கூட்டிவர ஆள் போனது.

"எங்க வீட்டுல இன்னிக்கு மோர் இருக்குடி," என்றாள் பேச்சி.

"இருந்தா என்னக்கா, வந்து ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க."

ஆனால் அதற்கு முன்பே விபரீதம் நடந்திருந்தது. எட்டு ஐம்பத்தொன்றுக்கே புதிய கார்டு வேலையை முடித்துவிட்டு சும்மா இருந்தது.

"நேத்து இந்த நேரத்துல கோடு ஓடிக்கிட்டு இருந்துச்சு," என்றான் மயில்வாகனம் கவலையோடு. "இன்னிக்கு நிக்குது."

உடனே வீடியோவை அழித்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். அது மறுபடியும் ஐம்பத்தொரு நிமிடத்தில் முடித்தது. மறுபடியும் அழித்தார்கள். பத்து ஐந்துக்குக் கரண்டு போகிற வழியாக இல்லை; சுடலைக்கண்ணு ஸ்டூல் போட்டு ஏறி மெயினை இறக்கினான். பதினொன்று ஆறுக்கு ஏற்றினான். பிள்ளைக்குப் பத்து மணியிலிருந்தே தண்ணீர் புகட்டியும் பதினொன்றரைக்கு அவன் மனசு வைக்கவில்லை. மாமன் மடியில் உட்காரவைத்து மூன்று பேரும் உஸ் உஸ் என்று கெஞ்சியபிறகு, ஒருவழியாகப் பதினொன்று முப்பத்து நாலுக்குப் போனான். நாலு நிமிஷத்தைப் பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்தார்கள்.

இப்படி ஓட்டி ஓட்டி அழித்ததில், எட்டாவது தடவை புதிய கார்டு சரியாக நாலு பன்னிரண்டுக்கு முடித்தது. நேற்றுப் போலவே நாலு பதின்மூன்றுக்கு அதையும் அழித்தார்கள்.

புதன்கிழமை முழுக்க ஆலோசனை நடந்தது. ரெண்டும் முடித்தது நாலு பன்னிரண்டுக்கு. இதில் எது நல்ல கார்டு? செங்கமலம்தான் நோட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னாள்.

"பழசு ஒரே தடவையில முடிச்சிருச்சு. புதுசுக்கு எட்டுத் தடவை வேண்டியிருந்திருக்கு."

வியாழக்கிழமை புதிய கார்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர் காரணத்தைக் கேட்டுவிட்டு, கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டார்.

வெள்ளி விடிந்தபோதுதான் செங்கமலத்துக்கு உறைத்தது. கையில் வீடியோ இல்லை. அழுகை முட்டியது. மயில்வாகனம் தேற்றினான். "எட்டு மணிக்குப் போட்டா நாலு பன்னிரண்டுக்கு வந்துடப்போகுது. அங்கேயே கொண்டுபோய் ஓட்டுவோம்." கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி ஷேர் ஆட்டோவில் ஏற்றினார்கள். சுடலைக்கண்ணு பச்சை லுங்கியில் வந்தான்.

சீனியம்மாள் வீட்டுக் கூடத்தில் எட்டு மணிக்குப் பச்சைக் கோடு கிளம்பியது. "கல்யாண வீடியோ போட்டாச்சு" என்று யாரோ குரல் கொடுக்க, சொந்தபந்தமெல்லாம் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது. படம் இனிமேல்தான் என்று சொல்லச் செங்கமலம் வாயைத் திறக்கப் போனாள். சீனியம்மாள் திரையைப் பார்த்துக் கைகூப்பியதும் மூடிக்கொண்டாள்.

பத்து ஐந்துக்குச் சுடலைக்கண்ணு பழக்கதோஷத்தில் மெயினை இறக்கினான். இடைவேளை என்று எல்லோருக்கும் காப்பி வந்தது. பதினொன்று ஆறுக்குக் கோடு முதலிலிருந்து கிளம்பியது. நாற்பது சதவீதம் வந்தபோது ஒரு சித்தப்பா, "இப்பத்தான் தாலி கட்டுற இடம்" என்றார். பெண்கள் குலவை போட்டார்கள். எண்பதில் கனகவல்லி தேம்பினாள். நாலு பன்னிரண்டுக்கு நூறு வந்தபோது கூடமே எழுந்து நின்றது.

சீனியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல நேரத்தில் செங்கமலத்தின் கையைப் பிடித்து அழைத்துப் போய் முதல் வளையலை எடுத்துக் கொடுத்தாள். அக்கா போட, தங்கை சிரிக்க, எல்லாம் நிறைவாக நடந்தது.

வளையல் போட்டு முடிந்ததும் சீனியம்மாள் செங்கமலத்தை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"குறை சொல்றேன்னு நினைக்காத தாயி. அந்தப் பதினேழு வந்தப்ப நான் பால் பொங்குதுன்னு அடுப்படிக்குப் போயிட்டேன். அதை மட்டும் பார்க்கல."

"அதுக்கென்ன அத்தை," என்றாள் செங்கமலம்.

போய் உட்கார்ந்தாள். முடிந்திருந்த வீடியோவை அழித்துவிட்டு, முதலிலிருந்து போட்டாள்.