கரடி காத்த கூழாங்கற்கள்

ஆறு வளைந்து வளைந்து ஓடும் ஒரு காட்டில் கரடி ஒன்று வாழ்ந்து வந்தது. அதைப் போன்ற உழைப்பாளி அந்தக் காட்டில் வேறு யாரும் இல்லை. பொழுது புலர்ந்ததும் புற்றுத் தோண்டப் போகும். வெயில் ஏறியதும் கிழங்கு அகழப் போகும். வெயில் தாழ்ந்ததும் தேன்பாறையில் ஏறும்.

தேன்பாறை என்பது காட்டின் நடுவே செங்குத்தாக நின்ற பெரிய பாறை. அதன் உச்சியில் மலைத்தேனீக்கள் அடையடையாகக் கூடு கட்டியிருந்தன. அங்கே ஏறத் தெரிந்தது கரடி ஒன்றுக்குத்தான். ஆனால் எடுத்த தேனை அது தனியாகத் தின்றதே இல்லை, குழந்தைகளே. தேக்கிலையில் ஏந்திக்கொண்டு இறங்கி வரும். வழியில் எதிர்ப்படும் குட்டிகளுக்கெல்லாம் நக்கக் கொடுக்கும். குட்டிகள் மூக்கு நுனியில் ஒட்டிய தேனையும் விடாமல் நக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

அதற்கு இருந்தது ஒரே ஒரு குறை. சும்மா இருக்க அதற்குத் தெரியாது. பிறர் சும்மா இருப்பதையும் பார்க்கப் பொறுக்காது.

ஒரு நாள் மாலை ஆற்றங்கரை வழியாகக் கரடி வந்தது. அங்கே நீர்நாய் மல்லாந்து படுத்து, ஒரு கூழாங்கல்லை மேலே எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் நரி வானத்தைப் பார்த்தபடி படுத்திருந்தது.

"என்ன செய்கிறாய்?" என்று நீர்நாயைக் கேட்டது கரடி.

"விளையாடுகிறேன் அக்கா."

"இப்படி எறிந்து பிடித்தால் என்ன கிடைக்கும்?"

நீர்நாய் சற்று யோசித்தது. "கல் திரும்பக் கிடைக்கும் அக்கா" என்றது.

கரடிக்குக் கோபம் வந்துவிட்டது. "நரியே, நீயாவது உருப்படியாக ஏதாவது செய்கிறாயா?"

"மேகம் பார்க்கிறேன். இவ்வளவு நேரம் யானையாக இருந்தது. இப்போதுதான் முயலாகிக்கொண்டிருக்கிறது" என்றது நரி.

"நல்ல பொழுதை வீணாக்குகிறீர்கள்!" என்று உறுமிவிட்டு, கரடி தேன்பாறையை நோக்கி நடந்தது.

மழைக்காலம் தொடங்கியது. நாலு நாள் மழையிலேயே பாறையெல்லாம் பாசி பிடித்துவிட்டது. "இன்று ஏறவேண்டாம்" என்று தேனீக்கள்கூட இரைந்து சொல்வதுபோல் இருந்தது. கரடி கேட்கவில்லை. பாதிப் பாறை ஏறியதும் கால் வழுக்கியது. புதர்மேல் விழுந்ததால் உயிர் பிழைத்தது. ஆனால் வலது தோள் எலும்பு முறிந்துவிட்டது.

பச்சிலை வைத்தியம் தெரிந்த கருமந்தி ஓடி வந்தது. இலையை அரைத்துப் பூசி, மரப்பட்டையை வைத்துக் கொடியால் இறுக்கிக் கட்டியது.

"மழைக்காலம் முடியும்வரை குகையை விட்டு அசையக்கூடாது" என்றது.

"மழைக்காலம் முடியும்வரையா? அத்தனை நாளும் நான் என்ன செய்வது?"

"ஒன்றும் செய்யக்கூடாது. அதுதான் மருந்து."

அதைவிடக் கசப்பான மருந்தைக் கரடி அதுவரை குடித்ததில்லை.

குகைக்குள் பகல் நீண்டுகொண்டே போனது. வெளியே மழை கொட்டியது. உள்ளே கூரை இடுக்குகளில் நீர் சொட்டியது. கரடி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டது. நீர்நாய் நனைந்துகொண்டே அத்திப்பழமும் கிழங்கும் கொண்டுவந்து வைக்கும். மறுநாள் வந்து பார்த்தால் வைத்தது வைத்தபடியே இருக்கும்.

"கொஞ்சம் சாப்பிடுங்கள் அக்கா."

"உழைக்காத வாய்க்கு உணவு எதற்கு?" என்றது கரடி. சற்று நேரம் கழித்து, மிக மெல்லிய குரலில், "தேன் கொண்டுவந்த வரையில் எல்லோருக்கும் நான் வேண்டியிருந்தேன். இனி யாருக்கு நான் வேண்டும்?" என்றது.

நீர்நாய் பழத்தை இன்னும் கொஞ்சம் அருகே நகர்த்தி வைத்தது.

இன்னொரு நாள் நீர்நாய் வந்தபோது கரடி படுக்கையில் இல்லை. குகை வாசலில் மூன்று கால்களால் இழுத்து இழுத்து நகர்ந்துகொண்டிருந்தது. தோளில் இருந்த கட்டுப் பாதி அவிழ்ந்து தொங்கியது.

"எங்கே போகிறீர்கள்?"

"தேன்பாறைக்கு."

"ஐயோ, இந்தத் தோளோடா? மறுபடி விழுந்தால் பிழைக்கமாட்டீர்கள்!"

"இப்படிக் கிடப்பதற்கு அது மேல். வழியை விடு."

நீர்நாய் வழியை விடவில்லை. கரடியின் ஒரு கால் அளவுகூட இல்லாத அந்தச் சின்ன உயிர் வாசலுக்குக் குறுக்கே படுத்துக்கொண்டது. "என்னை மிதித்துக்கொண்டு போங்கள் அக்கா" என்றது.

கரடி தூக்கிய காலைக் கீழே வைத்தது. பிறகு திரும்பியது. "இன்று போகவில்லை. நாளை போவேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

நீர்நாய் அழுதுகொண்டே நரியிடம் ஓடியது. நடந்ததையெல்லாம் சொன்னது.

"விளையாடச் சொல்லிப் பார்த்தாயா?" என்று கேட்டது நரி.

"பார்த்தேன் அண்ணா. 'நான் என்ன சின்னக் குட்டியா?' என்று உறுமுகிறார்."

நரி கண்ணை மூடி யோசித்தது. "உழைத்தே பழகியவர் அவர். விளையாட்டைக் கொடுத்தால் வாங்கமாட்டார். வேலையைக் கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்வார். அதனால் விளையாட்டையே வேலையாக்கிக் கொடுப்போம்."

"அப்படியென்றால்?"

"ஆறு பெருகிக்கொண்டு வருகிறது அல்லவா? உன் கூழாங்கற்களை அது அடித்துக்கொண்டு போனால் உனக்கு மனம் நோகுமா, நோகாதா?"

"நோகும் அண்ணா."

"அதை மட்டும் போய்ச் சொல். மீதி தானாக நடக்கும்."

அன்றைக்கே நீர்நாய் தன் கற்களை வாயில் கவ்வியும் அக்குளில் இடுக்கியும் குகைக்குக் கொண்டுவரத் தொடங்கியது. போவதும் வருவதுமாகக் கொண்டுவந்து ஒரு குவியலே சேர்த்துவிட்டது.

"இதென்ன?" என்றது கரடி.

"ஆற்றில் வெள்ளம் வருகிறது அக்கா. நான் ஆசையாகச் சேர்த்த கற்கள் இவை. நீங்கள்தான் காவல் காக்கவேண்டும்."

"காவலா?" கரடி தலையைத் தூக்கியது. அது விழுந்ததற்குப் பிறகு யாரும் அதனிடம் ஒரு வேலையும் சொன்னதில்லை.

"ஆமாம் அக்கா. ஒன்றுகூடத் தொலையக்கூடாது. இன்னொன்று, இவை காய்ந்தால் நிறம் மங்கிவிடும். ஈரமாகவே வைத்திருக்கவேண்டும்."

"இவ்வளவுதானே? நான் பார்த்துக்கொள்கிறேன். நீ போ" என்றது கரடி.

நீர்நாய் போனதும் கரடி நகர்ந்து வந்து கற்களைப் பார்த்தது. காவல் என்றால் எது எதுவென்று அடையாளம் தெரியவேண்டாமா? இடக்கையால் ஒவ்வொன்றாகப் புரட்டியது. ஒன்று ஈரல் நிறத்தில் இருந்தது. ஒன்றில் அணிலின் முதுகுபோல் வெள்ளைக் கோடுகள். ஒன்று வழவழவென்று, கையில் வைத்தால் கீழே வைக்க மனம் வராததாக இருந்தது. ஒன்றின் நடுவே கிண்ணம்போல் குழிந்திருந்தது.

அடுத்து அவற்றை ஈரமாக வைக்கவேண்டும். அதற்கு என்ன வழி? கரடி கூரையை அண்ணாந்து பார்த்தது. இடுக்குகளிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு விழும் இடமாகப் பார்த்துத் தட்டையான ஒரு கல்லை நகர்த்தி வைத்தது.

'டிக்' என்றது கல்.

கரடி காதை உயர்த்தியது. கோடு போட்ட கல்லை இன்னொரு சொட்டுக்கு அடியில் வைத்தது. 'டுக்' என்றது அது. குழிக்கல்லை வைத்தது. முதலில் 'டங்' என்றது. குழி நிறைய நிறையக் குரல் மாறி, 'ளொளுக்' என்றது.

கரடிக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. யாராவது பார்த்துவிட்டார்களோ என்று வாசலைத் திரும்பிப் பார்த்தது. யாரும் இல்லை. மறுபடி குனிந்துகொண்டது.

'டிக்'குக்குப் பிறகு 'டுக்' வந்தால் நன்றாக இருந்தது. இரண்டுக்கும் நடுவே 'ளொளுக்' வந்தால் இன்னும் நன்றாக இருந்தது. கல்லை இங்கே வைத்துப் பார்த்தது, அங்கே வைத்துப் பார்த்தது. ஒரு கல்லின்மேல் இன்னொரு கல்லை ஏற்றி வைத்துப் பார்த்தது. பசித்தபோது கை போன போக்கில் பக்கத்திலிருந்த கிழங்கை எடுத்துக் கடித்துக்கொண்டே கல்லை நகர்த்தியது. தான் சாப்பிடுகிறோம் என்பதே அதற்கு நினைவில்லை.

மறுநாள் நீர்நாய் வந்து பார்த்தது. உணவு வைத்த இலை காலியாக இருந்தது. "அக்கா!" என்று கூவியது.

"உஷ்!" என்றது கரடி. "சத்தம் போடாதே. அந்த மூலைக் கல் இப்போது பேசும், கேள்."

அதன்பிறகு கரடி தேன்பாறைக்குப் போகிறேன் என்று சொல்லவே இல்லை. தோளும் மெல்ல மெல்லத் தேறியது. மழைக்கு ஒதுங்கிய குட்டிகள் குகைக்குள் வந்து உட்காரத் தொடங்கின. தேன் கேட்டு ஒன்றும் வரவில்லை. "கரடி அத்தை, நானும் ஒரு கல் வைக்கட்டுமா?" என்று கேட்டுத்தான் வந்தன.

வெள்ளம் வடிந்தது. நீர்நாய் தயங்கித் தயங்கி வந்து நின்றது. காவலுக்குக் கொடுத்ததைத் திரும்பக் கேட்காவிட்டால் கரடிக்குச் சந்தேகம் வந்துவிடும் அல்லவா?

"அக்கா, ஆறு வடிந்துவிட்டது. கல்லையெல்லாம் எடுத்துக்கொண்டு போகட்டுமா?"

கரடி தலையைச் சொறிந்தது. "தண்ணீர் இன்னும் கலங்கலாக இருக்குமே?"

"தெளிந்துவிட்டது அக்கா."

"மேற்கே இன்னும் கருமேகம் தெரிகிறது. இன்னும் ஒரு மழை பார்த்துவிட்டு..." என்று இழுத்தது கரடி.

வாசலுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த நரி சிரிப்பை அடக்க முடியாமல் 'களுக்' என்றது.

"உள்ளே வா நரியே!" என்று கரடி அழைத்தது. "ஆற்றங்கரையில் கூழாங்கல்லுக்கா பஞ்சம்? இது உன் யோசனை என்று எனக்கு அப்போதே தெரியும்."

"தெரிந்துமா சும்மா இருந்தீர்கள்?" என்று வியந்தது நீர்நாய்.

"சும்மாதான் இருந்தேன்" என்றது கரடி. "நன்றாகத்தான் இருந்தது."

மூன்றும் வயிறு குலுங்கச் சிரித்தன.

அந்த நேரம் பார்த்துக் கருமந்தி வந்தது. கட்டை அவிழ்த்தது. தோளை அமுக்கிப் பார்த்தது, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்தது. மறுபடியும் தூக்கச் சொன்னது. பிறகு கரடியின் முகத்தைப் பார்க்காமல் கொடியைச் சுருட்டத் தொடங்கியது.

"எதுவானாலும் சொல்லிவிடு" என்றது கரடி.

"எலும்பு கூடிவிட்டது. நடக்கலாம், புற்றுத் தோண்டலாம், கிழங்கு அகழலாம்." கருமந்தி தலையைக் குனிந்துகொண்டது. "ஆனால் தேன்பாறை ஏறும் வலு இந்தத் தோளுக்கு இனி வராது."

கரடி வாசல் வழியாக வெளியே பார்த்தது. தூரத்தில் தேன்பாறை பனிமூட்டத்தில் பாதி மறைந்து நின்றது. கரடியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து முகத்து மயிரில் இறங்கியது. நீர்நாய் ஓடிப்போய் அதன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது. கரடி அதைத் தள்ளவில்லை. அழுது தீரும்வரை அழுதது.

வெளியே மழை மீண்டும் பிடித்துக்கொண்டது. கூரையில் புதிதாக ஓர் இடுக்கில் நீர் கசிந்து, கல் இல்லாத வெறுந்தரையில் சொத் சொத்தென்று விழுந்தது.

கரடி சிறிது நேரம் அதைக் கேட்டது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"தங்கச்சி, அந்த ஈரல் நிறக் கல்லைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு" என்றது.

நீர்நாய் தள்ளியது. கல் புதுக் குரலில் பேசியது. கருமந்திக்கு அன்று வேறு இரண்டு வீடுகளில் வைத்தியம் பார்க்கவேண்டி இருந்தது. ஆனாலும் அது தன் பச்சிலை மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கரடியின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

நீதி: உழைப்பு வயிற்றைக் காக்கும், பொழுதுபோக்கு மனத்தைக் காக்கும். உயிர் வாழ இரண்டும் வேண்டும்.