யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டு

இருட்டியதும் போட்டோ ஸ்டுடியோவில் கிர்ர்ரென்று ஒரு சத்தம். பார்த்தால், கம்ப்யூட்டர் மிக்ஸி மாதிரி உறுமுகிறது; திரை முழுக்கக் கோடுகள். காலையில் கல்யாண ஆல்பம் கொடுத்தாக வேண்டும்.

“அப்டேட் போட்டு ஸ்கிரீனை ஓட்டுற கிராபிக்ஸ் டிரைவர் சாஃப்ட்வேரைக் கெடுத்தது நீதான்! சரிபண்ணு, இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!” என்று கத்தினார் முதலாளி தனராஜ்.

தோளில் தூங்கும் குழந்தையோடு, ஆல்பம் வடிவமைக்கும் ஜெசிந்தா அலுப்பாகச் சொன்னாள்: “பழைய டிரைவரைப் போட்டா சரியாயிடும் சார். பாஸ்வேர்டு சொல்லுங்க.”

“சொல்றதா? என்னைத் தவிர அது ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது!”

“அப்டேட் போடவும் அதே பாஸ்வேர்டுதானே சார் கேக்கும்?”

தனராஜ் குனிந்து பாஸ்வேர்டைத் தட்டினார். பழைய டிரைவர் ஏறியதும் கோடுகள் மறைந்து மணப்பெண் சிரித்தாள். அவர் கை மவுஸைப் பிடித்து மறுபடி ‘அப்டேட்’ பொத்தானை நோக்கி நகர்த்தியது.

“நீங்க வீட்டுக்குப் போங்க சார், ஆல்பத்தை நான் முடிக்கிறேன்,” என்று அவரை ஒருவழியாக அனுப்பிவிட்டு, ஜெசிந்தா உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.