கண்ணாடிப் பெட்டி மீன்

நீலகிரியில் ட்ரௌட் மீன் பிடிக்கிற சங்கத்துக்குத் தலைவர் கஜபதி ஜமீன்தார். அவர் பங்களாக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் முழங்கை நீளத்துக்குப் பாடம் செய்த ட்ரௌட் ஒன்று. "ஆற்றில் அரை நாள் மல்லுக்கட்டிப் பிடித்தேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார்.

மதராஸிலிருந்து துரைமார் இருவர் வந்திருந்தார்கள். ஜமீன்தார் சங்கத்து மீன் பண்ணைக் காவலாள் போஜனைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை மீன் பிடிக்கப் போகிறோம். எந்த ஏரி, எந்த ஆறுன்னு நீயே திட்டம் போடு. இந்தப் பெட்டியிலே இருக்கிறதைவிடப் பெரிய மீன் என் தூண்டிலில் விழணும். விழலேன்னா திங்கட்கிழமை உனக்கு வேலை இல்லே!"

நாலு நாளாக மழை. ஆறு, ஏரி எல்லாம் ஒரே கலங்கல். கலங்கல் தண்ணீரில் ட்ரௌட் தூண்டிலைத் திரும்பியும் பார்க்காது. போஜன் அசரவில்லை. பெட்டிக்குள் உற்றுப் பார்த்தான்.

"ஆகட்டும் எசமான். இது கிடைச்ச இடத்துக்கே போயிடலாம். குதிரை வேண்டாம், கூடாரம் வேண்டாம். ஒரு நாற்காலி போதும்."

"நாற்காலி எதற்கு?" என்றார் ஒரு துரை.

"நம்ம பண்ணைத் தொட்டி ஓரமா உட்காரத்தான் துரை. முட்டைக்காகத் தொட்டியிலேயே வளர்க்கிற மீனுக்கு மட்டும் அடையாளமா முதுகுத் துடுப்பிலே ஒரு துண்டு கத்தரிச்சிருப்பேன். இதோ, இதுக்கும் இருக்கு பாருங்க."

துரைமார் பெட்டியருகே குனிந்தார்கள். ஜமீன்தார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மழை விடாது போலிருக்கு. பயணம் வேண்டாம்."

"சரி எசமான். திங்கட்கிழமை வழக்கம்போல வந்துடறேன். தொட்டிக்குப் பூட்டுப் போடணும்."