முந்திக்கொண்ட கோடு

அரிசி மில் முதலாளி தங்கப்பழம் சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துப் பேச மில்லில் ஆளே கிடையாது. அவருக்குக் கார் ஓட்டும் முத்துக்கிளி ஒரு நாள் மில் களத்துக்குள் நுழையும்போது எச்சரிக்கை விளக்கு எரிய, வண்டியை நிறுத்திவிட்டாள்.

"ஏதோ ஒரு டயர்ல காத்து கொறையுது, முதலாளி."

"நேத்து நானே பக்கத்துல நின்னு நாலுக்கும் அடிக்க வச்சேன்! டயருக்குள்ள காத்தை அளக்குற கருவியே கெடையாது. அப்புறம் விளக்கு என்ன ஜோசியமா பார்க்குது? நீயும் மீட்டர் வைக்காம, கை வைக்காம எந்த டயருன்னு சொல்லு பார்ப்போம். இல்லேன்னா சாவியைக் குடுத்துட்டு நடையைக் கட்டு!"

"கை வைக்கத்தான் நீங்க இருக்கீங்களே, முதலாளி" என்று, மூட்டைக்கு அடையாளம் போடும் சாக்பீஸை நீட்டினாள் முத்துக்கிளி. வெள்ளை வேட்டியோடு குனிந்து, நாலு டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டார் முதலாளி. மூட்டை தூக்குகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

நெல் காயப்போடும் களத்தில் முந்நூறடி நேராக ஓட்டி நிறுத்தினாள். மூன்று கோடுகள் ஒரே பக்கம் பார்த்தன. பின்னால் இடது டயரின் கோடு மட்டும் முந்திக்கொண்டு நின்றது.

"காத்து கொறைஞ்சா சக்கரம் குட்டையாயிரும். நான் ஒரு எட்டு வச்சா எம்மக ரெண்டு எட்டு வைப்பா. அது மாதிரி, குட்டைச் சக்கரம் கூடச் சுத்தணும். உங்க காரும் அந்தச் சுத்தைத்தான் எண்ணுது."

மீட்டர் வைத்தார்கள். அந்த டயரில் பாதிக் காற்றுதான்.

"நாலு டயருன்னு எண்ணித்தானே அடிக்க வச்சேன்!"

முத்துக்கிளி டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தட்டினாள். காற்று நிறைந்து கல்லு மாதிரி இருந்தது.

"எண்ணிக்கை சரிதான் முதலாளி. ஒண்ணு இங்க படுத்துத் தூங்குது!"

களமே சிரித்தது. முதலாளி சாவியைக் கேட்கவில்லை. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.